முப்பத்தேழு கோழிகளுக்கான மருந்து

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைய பேப்பரில் நம் தொழிலைப் பற்றி அரைப்பக்கம் வந்திருக்கிறது. நல்லவிதமாக அல்ல. கறிக்கோழிகளில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகள் இருக்கின்றன, அவை மனிதர்களுக்கும் தொற்றலாம் என்று யாரோ ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். கரட்டுப்பாளையம் வட்டாரக் கோழிப் பண்ணையாளர் சங்கத்தின் விளம்பரச் செயலாளர் என்ற முறையில் நான்தான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். தீபாவளி வாழ்த்து போஸ்டர் தவிர இதுவரை பெரிதாக வேலை எதுவும் வரவில்லை.

மறுப்பு அறிக்கையோடு போட, நம் கோழிக் கொட்டாயிலேயே ஒரு கோழியைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். என் மனைவி மரகதம் எடுத்தாள். அவள் விடியும் முன்பே கொட்டாய்க்குள் போய்விடுவாள், தீவனம் போட, செத்ததைப் பொறுக்க. நான் மேற்பார்வை. போட்டோவுக்குச் சிரிக்கும் நேரத்தில் கோழி துள்ளி என் வலது ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது.

"சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றாள்.

வேட்டியில் துடைத்துக்கொண்டேன். போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

சங்கத்தின் அவசரக் கூட்டம். தலைவர் பெரியதம்பி மிகவும் கொதித்துப் போயிருந்தார். அவருக்கு ஆறு கொட்டாய்கள். நேற்று ஒரே நாளில் கறிக்கடைகளில் பாதி வியாபாரம் விழுந்துவிட்டதாம்.

"கோழி திங்கறதுக்குப் பயப்படறாங்க. நாம தின்னு காட்டோணும். மேடை போட்டு, மைக் வெச்சு, ஊரே பாக்க, நான் திங்கறேன்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். "கோழித் திருவிழா" என்று பெயர் வைத்தது நான். ஞாயிறு 13-ம் தேதி, கல்யாண மண்டபத்துத் திடலில், எல்லோருக்கும் இலவச பிரியாணி. ஆளுயரக் கோழி வேஷம் ஒன்று வாடகைக்கு எடுத்து, ஒருவருக்குப் போட்டு ஆடவிடலாம் என்று சொன்னதும் நானே. தலைவர் என் தோளில் தட்டி, "அர்த்தனாரிக்கு மூளை எச்சு" என்றார்.

விரல் லேசாகச் சிவந்திருக்கிறது. மைக்கைப் பிடித்ததால் இருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விரல் வீங்கியிருக்கிறது. மரகதம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். கோழித் திருவிழா வேலை தலைக்கு மேல் இருக்கும்போது ஒரு விரலுக்காக ஆஸ்பத்திரியா? நம்மிடம் இல்லாத மருந்தா? கொட்டாய் அறையில் கோழிகளுக்குத் தண்ணீரில் கலக்கும் பவுடர் பாக்கெட் இருக்கிறது. தினமும் காலையில் கொடுக்கிறோம். சீக்கு வந்தாலும் கொடுக்கிறோம், வராமலிருக்கவும் கொடுக்கிறோம்.

எனக்கு எவ்வளவு என்பதில்தான் சிறு குழப்பம். பாக்கெட்டில் மனிதனுக்கான அளவு போடவில்லை. ஒரு கோழி ரெண்டு கிலோ. நான் எழுபத்திநாலு கிலோ. அப்படியானால் நான் முப்பத்தேழு கோழிகள். முப்பத்தேழு கோழிகளுக்கு ஆகும் பவுடரை எடுத்து மோரில் கலக்கிக் குடித்தேன். கொஞ்சம் கசப்பு.

மரகதத்திடம் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்கு அவ்வளவாகப் புரியாது.

ஏப்ரல் 7, திங்கள்

வயிற்றுப்போக்கு. விரல் அப்படியே.

ஏப்ரல் 9, புதன்

கோயமுத்தூரிலிருந்து கோழி வேஷம் வந்துவிட்டது. மஞ்சள் நிறம், சிவப்புக் கொண்டை, வயிற்றுக்குள் கம்பி வளையம். தலை மட்டுமே ஒரு அண்டா அளவு இருக்கிறது. மூக்கின் ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும்.

சாயங்காலம் மருந்துக் கடைக்காரரிடம் விரலைக் காட்டினேன். அவர் பேர் தெரியாத மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார். பவுடரையும் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் தாக்கினால் கிருமி எங்கே போகும்?

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு சிக்கல். கோழி வேஷம் போட ஒப்புக்கொண்டிருந்த நாடகக்காரர், பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போயிருக்கிறார். காலில் கொப்புளமாம். திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று போனில் சொன்னார். "சாமிக்கு நேந்துட்டு வந்த கையோட கோழியா ஆடறதும் அவ்வளவு நல்லா இருக்காதுங்க" என்றும் சொன்னார்.

சங்கத்தில் வேறு யாரும் முன்வரவில்லை. நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். தலைவர் நெகிழ்ந்துவிட்டார். உண்மையில் எனக்கும் அது வசதி. இறக்கைக்குள் கை மறைந்துவிடும். விரல் இப்போது கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. ஊரே கூடும் இடத்தில் விளம்பரச் செயலாளர் இப்படி ஒரு விரலோடு நிற்கக் கூடாது.

வெயில் கடுமை. ஆனாலும் குளிர்கிறது. கம்பளி போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். மரகதம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். கோபம் போல.

ஏப்ரல் 13, ஞாயிறு, காலை

இன்று திருவிழா. நான் நன்றாக இருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

(இதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்குக் கை கட்டுப் போட்டிருக்கிறது. மரகதம்.)

கோழித் திருவிழா மாபெரும் வெற்றி. திடல் நிறைந்து கூட்டம். நான் வேஷத்தோடு மேடையேறியதும் கைதட்டல் வானைப் பிளந்தது. சிறிது நேரம் ஆடினேன். லேசாகத் தலை சுற்றியது.

(ரெண்டு நிமிசம் ஆடினார். அப்புறம் அப்படியே மல்லாந்து விழுந்துட்டார். எல்லாரும் ஆட்டம்னு நெனச்சு விசிலடிச்சாங்க. தலைவர் பக்கத்துல உக்காந்து கோழிக்கால் கடிச்சுட்டு இருந்தார், அவரும் கை தட்டினார். நான் மேடை மேல ஓடிப்போய்த் தலையைக் கழட்டலாம்னு பாத்தா ஜிப்பு மாட்டிக்குச்சு. 108 வந்துச்சு. வேஷத்தோடயே ஏத்தினோம். ஸ்ட்ரெச்சர்ல இருந்து ரெண்டு மஞ்சக் காலும் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. ஊர்க்காரங்க போட்டோ எடுத்தாங்க.)

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னை மரியாதையாக வரவேற்றார்கள்.

(கத்திரி வெச்சு வெட்டினாங்க. நர்ஸம்மா உள்ள மனுசன் இருக்கறாரான்னு கேட்டுச்சு. காய்ச்சல் நூத்தி நாலு. பிரசர் இறங்கிப் போச்சு. ரெண்டு நாள் ஐசியூல இருந்தார். நான் வெளிய அந்தக் கோழித் தலையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வாடகைக்கு வாங்கினதாச்சே, எங்க வெக்கிறதுன்னு தெரியல.)

அவள் என்ன எழுதினாள் என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். நான் சொன்னதைத்தான் எழுதியதாகச் சொல்கிறாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

இடது கையால் நானே எழுதுகிறேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் நஸ்ரின் என்று ஒரு அம்மா பார்க்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். கேள்வி நிறையக் கேட்கிறார்.

"மேடையில கோழி சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறதுக்குள்ள விழுந்துட்டனுங்க."

"சாப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லா வெந்த கறியில கிருமி செத்துடும்."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இதையே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரச்சினை தட்டுல இல்லைங்க. பச்சைக் கறியைத் தொட்ட கை, வெட்டுற பலகை, கொட்டாய் எரு, தண்ணி, இதுல எல்லாம் இருக்கு. உங்களுக்கு வந்த மாதிரி காயத்து வழியாவும் போகும்."

"அப்ப தலைவர் மேடையில சாப்பிட்டாருங்களே, அது எதை நிரூபிச்சுதுங்க?"

"அவருக்குப் பசின்னு."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு அவர், கோழிகளுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அத்தனையும் மனப்பாடம். சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவது பெயரில் கையைக் காட்டி நிறுத்தினார். என் விரலில் எடுத்த சீழிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்தார்களாம். நான் சொன்ன நாலுமே அந்தக் கிருமியிடம் வேலை செய்யவில்லை. எட்டு மருந்து வைத்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அது அடங்குகிறதாம். அதைத்தான் இப்போது ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"தினமும் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கலந்து விட்டா, பலவீனமான கிருமி சாகும். தப்பிக்கத் தெரிஞ்சது மட்டும் பிழைக்கும். அதோட பிள்ளைகளும் தப்பிக்கத் தெரிஞ்சதாவே பிறக்கும்" என்றார்.

"அப்ப எங்க கொட்டாய் கிருமிக்குப் பள்ளிக்கூடம்ங்களா?"

"ஆமா. நல்ல ரிசல்ட் காட்டுற பள்ளிக்கூடம்."

போகும்போது, "கோழிகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மனுசங்களும் சும்மா சும்மா மாத்திரை முழுங்குறாங்க. நீங்க வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"மோர்ல பவுடர் கலந்து குடிச்சாருங்க, ஒரு வாரம். டம்ளர நாந்தானே கழுவினேன்" என்றாள் மரகதம்.

ஏப்ரல் 19, சனி

எலும்புக்குள் போய்விட்டதாம். விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எடுக்காவிட்டால் கை. அதையும் தாண்டினால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மரகதம் என் கால் பக்கம் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

தலைவர் ஆப்பிளோடு பார்க்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அர்த்தனாரி, நீ தெய்வம்யா! நீ விழுந்த வீடியோவ இதுவரைக்கும் எத்தன லட்சம் பேர் பாத்திருக்காங்க தெரியுமா? 'கோழிக்கே மயக்கம்'னு போட்டுச் சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டே போய்க் கறி வாங்கறாங்க. வியாபாரம் பழையபடி ஆயிருச்சு. பழசை விட எச்சு!"

என் கட்டைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு சங்கடம். கிருமின்னு யாரோ கிளப்பிவிடறாங்க. வெயில்ல மயக்கம் வந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இப்பவே போன்ல எடுத்துக்கறேன். கடைசியில கட்டை விரலத் தூக்கிக் காட்டிரு. அது இருக்குதல்லோ?"

இருக்கிறது. நான் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பது வருடப் பழக்கம். அவர் சொன்னால் என் முதுகு தானாக நிமிரும்.

மரகதம் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எடுங்க தலைவரே. கட்டையும் பிரிச்சுடறேன். அந்தப் பக்கமும் சேத்தி எடுங்க" என்றாள்.

தலைவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு துண்டு ஆப்பிள் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"நீங்க சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

தூக்கம் வருவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

சங்கக் கூட்டம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி சொல்ல மைக் கொடுத்தார்கள். மரகதம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச எழுதி வைத்திருந்த நன்றியுரை பையில் இருந்தது. இடது கையால் அதை எடுப்பதற்குள் வேறு எதையோ பேசத் தொடங்கிவிட்டேன்.

பவுடரைத் தினமும் தண்ணீரில் கலப்பதை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும், சீக்கு வந்தால் கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மருந்து கொடுக்க வேண்டும், இதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஊசிமருந்து பற்றியும் சொன்னேன். அந்த ஒரே மருந்தும் வேலை செய்யாமல் போனால் அடுத்து விழுகிறவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றேன்.

மைக் என் கையிலிருந்து தலைவர் கைக்குப் போனது.

"செரி, ஓட்டுக்கு விட்டுருவோம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. என் கையைப் பார்க்காமலிருக்க எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. மரகதம்.

"அம்மிணி, உறுப்பினர் மட்டுந்தான் ஓட்டுப் போடோணும்" என்றார் சங்கத்தின் செயலாளர்.

"நாந்தானுங்க உறுப்பினர். தோட்டம் எங்கப்பன் குடுத்தது. பண்ணை எம் பேர்ல இருக்குது. சந்தா ரசீதும் எம் பேர்லதான் வருது. அவருக்குத்தான் ஓட்டு இல்லைங்க."

பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைதான். என்னைக் கையை இறக்கச் சொன்னார்கள். மரகதத்தின் கையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் ஒன்று. தீர்மானம் தோற்றது.

அதோடு, உறுப்பினரே இல்லாத ஒருவர் ஒன்பது வருடம் எப்படி விளம்பரச் செயலாளராக இருந்தார் என்று ஒருவர் சட்டப் பிரச்சினை கிளப்பினார். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, "நல்லாப் பேசினீங்க" என்றாள். இதற்கு முன் என் பேச்சைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை.

மே 20, செவ்வாய்

புதுக் குஞ்சுகள் வந்து ஒரு வாரம் ஆகிறது. குஞ்சும் தீவனமும் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் வழக்கம்போல் பவுடர் பாக்கெட் கொண்டுவந்தார். மரகதம் வாங்கி, அவர் கண் முன்னாலேயே பரண் மேல் தூக்கிப் போட்டாள். "டாக்டர் வந்து சொன்னா எடுக்கறேங்க."

கொட்டாய்க்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு. வாசலில் சுண்ணாம்பு. குடிதண்ணீர்த் தொட்டியைத் தினமும் தேய்ப்பது என் வேலை. மேற்பார்வை என்று சொல்லிப் பார்த்தேன், பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டாள். நாலு விரலில் பிரஷ் பிடிப்பது பழகிக்கொண்டு வருகிறது. சில நேரம் இல்லாத விரல் அரிக்கிறது. எங்கே சொறிவது என்று தெரியாமல் சும்மா நிற்கிறேன்.

ஒரு நாள் பதினைந்து குஞ்சு செத்தது. அன்று மத்தியானம் முழுக்கப் பரணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வந்து பார்த்து, சீக்கு இல்லை, கொட்டாய்க்குள் சூடு அதிகம் என்று சொல்லி, மேலே தென்னங்கீற்று போடச் சொன்னார். போட்டோம். சாவு நின்றுவிட்டது. இத்தனை வருடமாக வெயிலுக்கா பவுடர் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டேன். மரகதம் இன்னொரு கீற்றை எடுத்துக் கட்டினாள்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த பேட்ச் கோழிகளைப் போன வாரம் கம்பெனி லாரியில் ஏற்றி முடிந்தது. எடை கொஞ்சம் குறைவு. சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார். சாவும் வழக்கத்தைவிட அப்படி ஒன்றும் அதிகமில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இன்று மத்தியானம் தலைவர் வந்தார். முன்வாசலில் கார் நிறுத்தாமல் கிணற்றுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கொட்டாயைச் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் தாடி. பொன்னாடை பற்றிய விஷயமாக இருக்குமோ என்று நினைத்தேன்.

"அந்த டாக்டரம்மா நம்பர் இருக்குதா?" என்றார்.

அவர் சம்சாரத்துக்கு இரண்டு வாரமாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும். திருப்பூரில் மூன்று டாக்டர்கள் மூன்று விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். எதற்கும் கேட்கவில்லை. கிட்னிக்கு ஏறிவிட்டது என்கிறார்களாம்.

"கொட்டாயெல்லாம் அவதான் பாத்துக்கறா. நான் சங்கம் சங்கம்னு சுத்திட்டு இருக்கறேன். நேத்துல இருந்து என்னையே அடையாளம் தெரியாம, யாருங்கன்னு கேக்கறா" என்றார்.

நம்பரைக் கொடுத்தேன். போதாது என்று நானே போன் செய்தேன். உடனே கூட்டிவரச் சொன்னார் டாக்டர். மரகதம் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துண்டும் பிளாஸ்கும் எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "பொம்பள ஆளு ஒருத்தி கூட இருக்கோணும். நான் வர்றேன்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

தலைவர் குழாயடியில் முகம் கழுவப் போனார். முகத்தைக் கழுவியவர், திண்டில் இருந்த சோப்பை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இது சங்கத்துல தெரிய வேண்டாம், அர்த்தனாரி" என்றார், திரும்பாமல்.

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மரகதம் முந்திக்கொண்டாள்.

"தெரியட்டுங்க தலைவரே. தெரிஞ்சாத்தான் அடுத்த ஊட்டுப் பொம்பளையாச்சும் பொழைப்பா."

நுரை போன பிறகும் தலைவர் கையைத் தண்ணீரில் நீட்டியபடியே நின்றார். கார் கதவைத் திறந்துகொண்டு மரகதம் காத்திருந்தாள். நான் போய்க் குழாயை மூடினேன்.